பேச மறுக்கும் விசைப்பலகை



நம்முடைய சபைகளில் "கீபோர்டு" என்று சொன்னவுடனே, ஆராதனை வேளையில் வாசிக்கப்படும் இசைக்கருவிதான் யாவருக்கும் நினைவுக்கு வரும். இம்மாதம் நாம் பார்க்கப்போவது அதைக் குறித்தல்ல. வீட்டிலும், சபை அலுவலகத்திலும், பாடல் வரிகளைத் திரையில் காட்டும் மேசையிலும் இருக்கிற கணினியின் விசைப்பலகையைக் குறித்தே. நேற்று இரவு வரை ஒழுங்காய் வேலை செய்த அந்தப் பலகை, இன்று எந்த விசையை அழுத்தினாலும் ஓர் எழுத்தைக்கூடத் திரையில் காட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

இது அற்பமான காரியம் என்று எண்ண வேண்டாம். பெங்களூரு ஸ்ரீராம்புரத்தைப் போன்ற ஒரு பகுதியை நினைத்துப் பாருங்கள். பின்னி மில் போன்ற ஆலைகளில் உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். ஒரே அறை உள்ள வீட்டில், யாரோ பயன்படுத்திய பிறகு விலைக்கு வாங்கிய ஒரே கணினி இருக்கும். அதில்தான் மூத்த மகள் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் சி.இ.டி. விண்ணப்பத்தை நிரப்புகிறாள். அதில்தான் மகன் வேலைக்கான தன் விவரக் குறிப்பைத் தட்டச்சு செய்கிறான். அதில்தான் தகப்பனார் மேஸ்திரி வேலைக்கான பில்லைத் தயாரிக்கிறார். விண்ணப்பத்தின் கடைசி நாள், இரவு பத்து மணி. அந்நேரத்தில் விசைப்பலகை மவுனமானால் அந்த வீட்டார் எவ்வளவாய்க் கலங்குவார்கள்!

அந்தக் கலக்கத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். சிலர் உடனே மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதுவரை தட்டச்சு செய்து சேமிக்காத யாவும் அழிந்துபோகிறது. வேறு சிலர் மறுநாள் காலையில் கணினியைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் படும் முதல் கடைக்குப் போய், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இரண்டுமே தேவையற்றவை. பேசாத விசைப்பலகை எல்லாம் செத்துப்போன விசைப்பலகை அல்ல. யார் மவுனமாயிருக்கிறார் என்பதைச் செலவு செய்வதற்கு முன்னே கண்டறிந்துகொண்டால், பாதிக் கலக்கமும் பெரும்பாலான செலவும் நீங்கும்.

விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே

நம்மில் மூத்தவர்கள் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள். அந்தத் தட்டச்சுப் பொறியில் விரல் விசையைத் தட்டினால், எழுத்துக் கோல் எழும்பி, மை நாடாவை அடித்து, காகிதத்தில் எழுத்தைப் பதிக்கும். கோல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டாலும் கண்ணால் பார்த்து விடுவித்துவிடலாம். விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே மறைவானது ஒன்றும் இல்லை.

கணினியின் விசைப்பலகை அப்படிப்பட்டதல்ல. அது எழுத்தை அனுப்புவதே இல்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதற்கான ஓர் எண்ணை மாத்திரம் அனுப்புகிறது. அந்த எண் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். கணினியில் உள்ள விண்டோஸ் போன்ற இயங்குதளம் அதைக் கேட்டு, "இது ஆங்கில எழுத்தா, தமிழா, கன்னடமா, அல்லது ஒரு கட்டளையா?" என்று தீர்மானித்து, பிறகே திரையில் எழுத வேண்டும்.

ஆகவே இங்கே மூவர் இருக்கிறார்கள். சொல்லுகிறவர் ஒருவர்: அது பலகை. சொன்னதைக் கொண்டுபோகிறவர் ஒருவர்: அது கம்பியும் சொருகு துளையும். கேட்கிறவர் ஒருவர்: அது கணினி. மூவரில் எவர் நின்றுபோனாலும் வெளியே தெரிவது ஒரே மவுனம்தான். ஆனால் பரிகாரம் வெவ்வேறு. கேட்கிறவர் தூங்கும்போது சொல்லுகிறவரை மாற்றி என்ன பயன்?

முதலாவது, சுட்டியை அசைத்துப் பாருங்கள்

மவுஸ் என்று நாம் சொல்லும் சுட்டியை அசையுங்கள். திரையில் அம்புக்குறி நகரவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் குற்றம் விசைப்பலகையில் இல்லை. கணினியே உறைந்து நிற்கிறது. சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். பழைய கணினியில் ஒரே நேரத்தில் பல காரியங்கள் திறந்திருந்தால், சற்று நேரத்தில் தானாக மீண்டு வருவதும் உண்டு. மீளவே இல்லை என்றால் மாத்திரம், பவர் பட்டனைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்புக்குறி நகருகிறதா? நல்லது. கணினி உயிரோடிருக்கிறது. உடனே செய்ய வேண்டியது பழுது பார்ப்பதல்ல, சேமிப்பது. கடிதமோ விவரக் குறிப்போ திறந்திருந்தால், மேலே இடப்பக்கத்தில் பழைய ஃபிளாப்பித் தட்டைப் போன்ற சின்னத்தைச் சுட்டியால் சொடுக்குங்கள். கோப்புக்குப் பெயர் கேட்டால், அது தானாகக் காட்டுகிற பெயரையே ஏற்றுக்கொள்ளுங்கள், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்தை மூடவும் வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, திரையிலே ஒரு பலகை உண்டு

இதை அறியாமல்தான் அநேகர் கடைசி நாளைத் தவறவிடுகிறார்கள். விண்டோஸ் கணினி ஒவ்வொன்றிலும், சுட்டியால் சொடுக்கித் தட்டச்சு செய்யத்தக்க ஒரு விசைப்பலகை மறைந்திருக்கிறது. அதற்கு "ஆன் ஸ்கிரீன் கீபோர்டு" என்று பெயர். கைகளை வழக்கம்போல் பயன்படுத்த இயலாதவர்களுக்கு உதவியாக வைக்கப்பட்ட வசதி அது. விண்டோஸ் 11 உள்ள கணினியில் ஸ்டார்ட் பட்டியலில் "அக்சஸிபிலிட்டி" என்ற தலைப்பிலும், விண்டோஸ் 10, 7 ஆகியவற்றில் "ஈஸ் ஆஃப் அக்சஸ்" என்ற தலைப்பிலும் அதைக் காணலாம். கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையிலேயே நின்றுவிட்டீர்களா? அங்கும் வலப்பக்கம் அல்லது இடப்பக்கம் கீழ் மூலையில் அதற்கான சிறு சின்னம் உண்டு. அதைச் சொடுக்கினால் பலகை திரையில் தோன்றும்.

ஒவ்வொரு எழுத்தாய்ச் சொடுக்குவது மெதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் ஆகியவற்றை நிரப்பி, அன்றிரவே விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். பழுதை மறுநாள் காலையில் நிதானமாய்ப் பார்க்கலாம். அவசரத்தையும் பழுதையும் இவ்வாறு பிரித்துவிட்டால், பதறிப்போய்ப் பணம் செலவழிக்க வேண்டிய நிலை வராது.

மூன்றாவது, விளக்கு சாட்சி சொல்லும்

பெரும்பாலான விசைப்பலகைகளின் மேல் ஓரத்தில் சிறு விளக்குகள் இருக்கும். கேப்ஸ் லாக் விசையை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கு எரிகிறதா? மறுமுறை அழுத்துங்கள். அணைகிறதா?

இதில் ஓர் இரகசியம் உண்டு. அந்த விளக்கைப் பலகை தானாக ஏற்றுவதில்லை. "கேப்ஸ் லாக் அழுத்தப்பட்டது" என்று பலகை கணினிக்குச் சொல்ல, "அப்படியானால் விளக்கை ஏற்று" என்று கணினி திரும்பக் கட்டளையிட, அதன் பின்னரே விளக்கு எரிகிறது. ஆகவே விளக்கு மாறினால், செய்தி போயும் வந்தும் இருக்கிறது என்று பொருள். பலகையும் நலம், கம்பியும் நலம், கணினியும் கேட்கிறது. அப்படியானால் கோளாறு விண்டோஸின் ஏதோவொரு அமைப்பில் இருக்கிறது. ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை.

விளக்கு மாறவே இல்லை என்றால், செய்தி எங்கோ நின்றுபோயிருக்கிறது. அப்போது கம்பியைத் தொடர்ந்து போக வேண்டும். சில லேப்டாப்களிலும் கம்பியில்லாப் பலகைகளிலும் இந்த விளக்கே இருக்காது. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

நான்காவது, சொருகு துளையைச் சோதியுங்கள்

இன்று விற்கப்படும் கம்பிப் பலகைகளில் பெரும்பாலானவை யு.எஸ்.பி. முனை உள்ளவை. 1996-இல் வெளியிடப்பட்ட இந்த முறையில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டலாம். கழற்றி, பத்து விநாடி பொறுத்து, வேறொரு துளையில் மாட்டுங்கள். முன்பக்கத் துளையில் இருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். பின்பக்கத் துளைகள் தாய்ப்பலகையிலேயே நேராகப் பதிந்தவை. ஒரு துளையைப் பலவாய்ப் பிரிக்கும் "ஹப்" இருந்தால் அதை நீக்கிவிட்டு நேரடியாக மாட்டுங்கள். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியானால், நீல நிறத் துளையை விட்டுக் கறுப்புத் துளையில் மாட்டிப் பாருங்கள். யு.எஸ்.பி. 3 என்னும் அந்த வேகத் துளைக்கான மென்பொருள் விண்டோஸ் 7-உடன் சேர்ந்து வருவதில்லை. தனியே நிறுவியிருக்க வேண்டும்.

பழைய கணினிகளில் உருண்டை வடிவில் ஆறு ஊசிகள் உள்ள முனையைக் காணலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த பி.எஸ். டூ வகை அது. ஊதா நிறம் விசைப்பலகைக்கு, பச்சை நிறம் சுட்டிக்கு. இரண்டும் ஒரே அளவு. ஆகையால் வீட்டைப் பெருக்கித் துடைத்த பிறகு இடம் மாறி மாட்டப்படுவது சகஜம். கவனியுங்கள்: இந்த வகையைக் கணினி ஓடும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது. முழுவதும் அணைத்து, ஊசிகள் வளையாதபடி நேராய்ச் சொருகி, பிறகு இயக்குங்கள்.

கம்பியில்லாப் பலகையானால், முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அடியிலுள்ள சிறு பொத்தான் "ஆன்" நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் சொருகும் நகத்தளவான ஏற்பி, கணினியின் பின்னால் இரும்புப் பெட்டியின் மறைவில் இருந்தால், அதை முன்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஐந்தாவது, கைப்பேசியைச் சாட்சியாக்குங்கள்

பலகை கெட்டதா, கணினி கெட்டதா என்றறிய, அதே பலகையை வேறொரு கணினியில் மாட்டிப் பார்ப்பதே நேரான வழி. ஆனால் நம் வீடுகளில் இரண்டாவது கணினிக்கு எங்கே போவது? கவலை வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியே போதும். பென் டிரைவைக் கைப்பேசியில் மாட்ட உதவும் "ஓ.டி.ஜி." இணைப்பான் மலிவாகவே கிடைக்கும். அதன் மூலம் விசைப்பலகையைக் கைப்பேசியில் மாட்டி, செய்தி எழுதும் இடத்தைத் திறந்து தட்டுங்கள். எழுத்துக்கள் விழுந்தால் பலகை நலமாயிருக்கிறது. எந்தக் கடைக்காரரும் புதிய பலகை வாங்கும்படி உங்களிடம் இனிச் சொல்ல முடியாது.

கணினியின் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் வருமுன்னே, டெலீட் அல்லது எஃப் 2 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். எதைத் தட்ட வேண்டும் என்பதைச் சில கணினிகள் திரையில் காட்டும். அமைப்புத் திரை திறந்தால், பலகையும் துளையும் வேலை செய்கின்றன, கோளாறு விண்டோஸில்தான். அங்கே எதையும் மாற்றாமல், சேமிக்காமல் வெளியேறிவிடுங்கள்.

பழைய கணினிகள் சில, பலகை இல்லாவிட்டால் இயங்கும்போதே "விசைப்பலகை இல்லை, தொடர எஃப் 1-ஐ அழுத்தவும்" என்னும் கருத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். இல்லாத பலகையில் எஃப் 1-ஐ எப்படி அழுத்துவது என்று கணினித் தொழிலாளர் நகைப்பதுண்டு. ஆனாலும் அச்செய்தி பயனுள்ளதே. பலகை கணினியின் காதுக்கு எட்டவே இல்லை என்று அது உங்களுக்கு அறிவிக்கிறது.

கேட்கிறவர் கேளாதிருந்தால்

பலகை நலம், துளை நலம், ஆனாலும் விண்டோஸில் எழுத்து விழவில்லை. இதற்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள் நான்கு.

ஒன்று, வடிகட்டும் அமைப்பு. வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு விநாடிகள் அழுத்திப் பிடித்தால் "ஃபில்டர் கீஸ்" என்ற வசதி குறித்துத் திரையில் ஒரு கேள்வி எழும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, சட்டென்று தட்டும் தட்டுகளை ஒதுக்கிவிடும் வசதி இது. குழந்தை பலகையின்மேல் சாய்ந்தாலும், கனமான புத்தகத்தை அதன் ஓரத்தில் வைத்தாலும் இது தோன்றலாம். படிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டால், அதன் பின் பலகை செத்ததுபோலவே இருக்கும். சோதிப்பது எளிது: ஒரு விசையை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்போது எழுத்து வந்தால் காரணம் இதுவே. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்ற பகுதிக்குச் சுட்டியால் போய் அதை நிறுத்திவிடுங்கள்.

இரண்டு, சிக்கிய விசை. கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் விசை ஆகியவற்றில் ஒன்று அழுந்தியபடியே நின்றால், மற்ற எழுத்துக்கள் யாவும் கட்டளைகளாக மாறிவிடும். எழுத்து விழாது, சம்பந்தமில்லாத சாளரங்கள் திறக்கும். அந்த விசைகளை இருபுறமும் ஒவ்வொன்றாய்த் தட்டி விடுவியுங்கள்.

மூன்று, மொழி மாற்றம். இது பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு விசேஷித்த தொல்லை. ஒரே கணினியில் பிள்ளை கன்னடப் பாடம் எழுதுகிறது, தாயார் தமிழில் கடிதம் எழுதுகிறார், தகப்பனார் ஆங்கிலத்தில் பில் போடுகிறார். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறிவிடும். சில கணினிகளில் ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினாலும் மாறும். தமிழிலும் வடிவமைப்புகள் பல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய "தமிழ் 99" உண்டு; பழைய தட்டச்சு முறை உண்டு; ஆங்கில ஒலிப்பு முறையும் உண்டு. ஒன்றில் பழகியவருக்கு மற்றொன்று கெட்டுப்போன பலகையாகவே தோன்றும். கடவுச்சொல் இடத்திலோ புள்ளிகள் மாத்திரம் தெரிவதால், எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதே புலப்படாது. "கடவுச்சொல் தவறு" என்று திரும்பத் திரும்ப வந்தால், திரையின் கீழ் மூலையில் மொழியின் குறியீட்டைப் பாருங்கள்.

நான்கு, மென்பொருள் தொடர்பு அறுந்துபோதல். ஸ்டார்ட் பொத்தானைச் சுட்டியின் வலப்பக்கத்தால் சொடுக்கி "டிவைஸ் மேனேஜர்" என்பதைத் திறந்து, "கீபோர்ட்ஸ்" என்ற தலைப்பின்கீழ் உள்ள பலகையை "அன்இன்ஸ்டால்" செய்து, கணினியை "ரீஸ்டார்ட்" செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாய்க் கண்டு தானாகவே சேர்த்துக்கொள்ளும். "ஷட் டவுன்" செய்து மீண்டும் இயக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். விண்டோஸ் 8 முதல், விரைவில் எழும்பும்பொருட்டு, ஷட் டவுன் வேளையில் கணினி தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பழைய கோளாறும் அதோடு திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் செய்யும்போது எல்லாம் புதிதாய்த் தொடங்கும்.

சில விசைகள் மாத்திரம் பேசாவிட்டால்

ஒரே ஒரு விசை மாத்திரம் வேலை செய்யவில்லை என்றால், அதன் அடியில் அழுக்கோ, உணவுத் துணுக்கோ இருக்கலாம். பலகையைக் கழற்றி, தலைகீழாய்ப் பிடித்து மெதுவாய்த் தட்டுங்கள். மெல்லிய தூரிகையால் துடையுங்கள். சமையலும் படிப்பும் ஒரே அறையில் நடக்கும் வீடுகளில் கரப்பான்பூச்சியும் எறும்பும் உள்ளே குடியேறுவது உண்டு. இரவில் ஒரு துணியால் மூடிவைப்பது நல்லது.

அடுத்தடுத்து இல்லாத ஐந்தாறு விசைகள் ஒன்றாய்ச் செத்துவிட்டால் காரணம் வேறு. நூற்றுக்கு மேற்பட்ட விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி கொடுப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் மின்சாரம் கடத்தும் கோடுகளைக் கிடையாகவும் நெடுக்காகவும் அச்சிட்டு, அவை சந்திக்கும் இடங்களில் விசைகளை வைக்கிறார்கள். கிடைக்கோடுகள் 8, நெடுங்கோடுகள் 18 இருந்தால், 26 கோடுகளைக் கொண்டே 144 சந்திப்புகளைக் கண்காணித்துவிடலாம். அவற்றில் ஒரு கோடு அறுந்தால், அதைச் சேர்ந்த விசைகள் அனைத்தும் ஒருசேர மவுனமாகும். சாதாரணப் பலகையில் அதைச் செப்பனிடுவது வீண் முயற்சி. சில நூறு ரூபாயில் புதியது வாங்குவதே சிறந்தது.

அந்தக் கோடுகளை அரிக்கும் முதன்மைச் சத்துரு தேநீர். வெறும் தண்ணீர் உலர்ந்துபோகக்கூடும். தேநீரிலுள்ள சர்க்கரையும் பாலும் பிசினாய் ஒட்டிக்கொள்ளும். கொட்டியவுடனே கம்பியைக் கழற்றிப் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். குறைந்தது ஒரு முழு நாள் மின்விசிறிக் காற்றில் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். லேப்டாப் மேல் கொட்டினால் அது அவசரக் காரியம். விசைகளுக்குக் கீழேதான் தாய்ப்பலகை இருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று மீண்டும் இயக்காதிருங்கள். ஈரத்தோடு இயக்குவதினால்தான் சிறிய பழுது பெரிய பழுதாகிறது.

கடைக்குப் போகுமுன்

லேப்டாப்பின் பலகை கெட்டுவிட்டால், அதை மாற்றும் செலவு சாதாரணப் பலகையின் விலையைவிடப் பல மடங்காகும். பணம் சேரும் வரை ஒரு யு.எஸ்.பி. பலகையைப் பக்கத்தில் மாட்டி வேலையைத் தொடரலாம். "லேப்டாப்பையே மாற்ற வேண்டும்" என்ற சொல்லுக்கு உடனே இணங்க வேண்டாம்.

பெங்களூரில் கணினி உதிரிப் பொருட்களுக்குப் பேர்போன இடம் எஸ்.பி. ரோடு, அதாவது சாதர் பத்ரப்பா சாலை. 2014 மார்ச் 1-இல் பச்சை வழித்தடத்தோடு திறக்கப்பட்ட ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறினால், சம்பிகே ரோடு, மெஜஸ்டிக் கடந்து சிக்பேட்டையில் இறங்கி நடந்தே போய்விடலாம். போகும்போது பழைய பலகையையோ, லேப்டாப்பின் அடியில் எழுதியிருக்கும் மாடல் எண்ணையோ கொண்டுபோங்கள். கடையிலேயே மாட்டி, எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்து வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

கணினியையே கடையில் விட வேண்டியிருந்தால் இதை மறவாதிருங்கள். அதற்குள் உங்கள் குடும்பத்தின் புகைப்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஆதார் நகல், வங்கி விவரங்கள் யாவும் இருக்கின்றன. கொடுக்குமுன் முக்கியமானவற்றைப் பென் டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். பலகையை மாற்றுவதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. அமைப்புத் திரையிலும் நுழைவுத் திரையிலுமே சோதித்துவிடலாம். ஆகவே கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுக்காதிருங்கள். "ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னால், "அமைப்புத் திரையில் பலகை வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள். அங்கேயும் வேலை செய்யாத பலகை, ஃபார்மேட் செய்வதினால் உயிர்பெறாது. உங்கள் கோப்புகள் மாத்திரம் அழிந்துபோகும்.

அவசரத்துக்கு பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்குள்ள கணினியில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிவுசெய்யும் மென்பொருள் இருக்கக்கூடும். விண்ணப்பம் நிரப்பலாம், வங்கிக் கடவுச்சொல்லை அங்கே தட்டாதிருப்பது நலம். கட்டணத்தை உங்கள் கைப்பேசியிலிருந்து செலுத்த வழி இருந்தால் அதையே தெரிந்துகொள்ளுங்கள்.

சபைகளில் பாடல் வரிகளைத் திரையிடும் வாலிபர்களே, உங்களுக்குக் கடைசியாக ஓர் ஆலோசனை. ஞாயிறு காலையில் பழுது பார்க்க நேரம் இராது. மலிவான கம்பிப் பலகை ஒன்றை மேசையின் இழுப்பறையில் எப்போதும் வைத்திருங்கள். கம்பியில்லாப் பலகைக்கான பேட்டரிகளையும் அதோடு வையுங்கள். ஆன் ஸ்கிரீன் கீபோர்டு எங்கே இருக்கிறது என்பதை, பலகை நன்றாய் வேலை செய்யும் ஒரு நாளிலேயே திறந்து பழகிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெற்றோருக்கும் அதை ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

அடுத்த இதழில், கோப்புகள் தொலைந்துபோகாதபடி பென் டிரைவிலும் வேறிடங்களிலும் படியெடுத்து வைக்கும் முறையைக் காண்போம்.